சவ்வும் சுவையும்

நுழையும்முன்

மாந்தர் உண்ணும் உணவின் பெரும்பகுதி தாவரங்களிலிருந்து கிடைக்கிறது. காயும் கிழங்கும் கீரையும் கோடிக்கணக்கான செல்களால் ஆனவை. அச்செல் ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று காத்து நிற்கிறது. உண்ணும் வாயும் அத்தகைய செல்களால் ஆனதே. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தால், சுவை பிறக்கும் முறையும் நஞ்சு நீங்கும் வழியும் வாயைக் காக்க வேண்டியதன் தேவையும் ஒருசேர விளங்கும்.

உரிக்காத பூண்டு நிறைந்த கூடையின் அருகில் நின்றால் மணம் மிகுதியாகத் தெரிவதில்லை. அவற்றுள் ஒரு பல்லை எடுத்து அம்மியில் வைத்துத் தட்டினால் அடுத்த அறையில் இருப்பவரும் அறிவார். தட்டுவதற்கு முன் அந்த மணம் எங்கே இருந்தது? பூண்டுக்குள் அடைபட்டிருந்தது எனத் தோன்றலாம். உண்மையில், அதுவரை அம்மணம் உண்டாகவே இல்லை. அதனை உண்டாக்க வல்ல இரு பொருள்கள் பூண்டுக்குள் தனித்தனியே இருந்தன. அவற்றைக் கலக்கவிடாமல் பிரித்து வைத்திருந்தவை சவ்வுகள். தட்டியபோது சவ்வுகள் கிழிந்தன, பொருள்கள் கலந்தன, மணம் பிறந்தது. தாவர உணவின் சுவை பலவும் இவ்வாறு பிறப்பவையே.

மெல்லிய வேலி

தாவர செல்லுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. வெளியே இருப்பது செல்சுவர். செல்லுலோஸ் இழைகளால் ஆன இச்சுவர் செல்லுக்கு வடிவமும் உறுதியும் தருகிறது. நீரையும் அதில் கரைந்த சிறு பொருள்களையும் தடையின்றி உள்ளே விடுகிறது. சுவரை ஒட்டி உட்புறம் இருப்பது பிளாஸ்மா சவ்வு. எதனை உள்ளே விடுவது, எதனை வெளியே நிறுத்துவது என்று தேர்ந்து செயல்படுவது இச்சவ்வே.

இதன் தடிமன் ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்தகைய சவ்வுகள் பத்தாயிரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் தலைமுடி ஒன்றின் பருமன் அளவுக்கு வரும். சாதாரண நுண்ணோக்கியின் கண்ணுக்கும் எட்டாத இச்சவ்வின் இயல்பை அறிவியலாளர் பல படிகளில் கண்டறிந்தனர்.

1890-களில் எர்னஸ்ட் ஓவர்டன் என்பவர் தாவரங்களின் வேர்த்தூவிகளில் பல வேதிப்பொருள்களைச் செலுத்திப் பார்த்தார். கொழுப்பில் கரையும் பொருள்கள் செல்லுக்குள் விரைந்து நுழைவதையும் பிற பொருள்கள் தயங்கி நிற்பதையும் கண்டார். ஆகவே செல்லின் எல்லை கொழுப்புத்தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1925-இல் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கார்ட்டர், கிரெண்டல் ஆகிய இருவரும் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பினர். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு பரப்பை நிறைத்தது. சவ்வு கொழுப்பின் ஈரடுக்கால் ஆனது என்பது இதனால் தெரிந்தது. 1972-இல் அமெரிக்க அறிவியலாளர்களான சிங்கரும் நிக்கல்சனும், அந்தக் கொழுப்படுக்கு அசைந்துகொண்டே இருப்பது என்றும் அதனுள் புரதங்கள் மிதக்கின்றன என்றும் விளக்கினர்.

இப்புரதங்களே சவ்வின் வாயில்களாகவும் காவலர்களாகவும் அமைகின்றன. கொழுப்படுக்கைக் கடக்க இயலாத உப்பும் சர்க்கரையும் இவற்றின் வழியாகவே செல்கின்றன. தாவரத்தின் சவ்வுக்கு மட்டுமன்றி மனித நாவில் உள்ள செல்லின் சவ்வுக்கும் இதுவே அமைப்பு. இவ்வொற்றுமை பின்னர்ப் பயன்படும்.

செல்லுக்குள் ஒரு சேமிப்பறை

முதிர்ந்த தாவர செல்லின் நடுவே நீர் நிறைந்த பெரிய பை ஒன்று உள்ளது. நுண்குமிழ்ப்பை எனப்படும் அது, சில செல்களில் பத்தில் ஒன்பது பங்கு இடத்தையும் நிறைத்துக்கொள்கிறது. அதனைச் சூழ்ந்திருக்கும் தனிச் சவ்வுக்கு 1885-இல் ஹியூகோ டி விரீஸ் என்னும் தாவரவியலாளர் டோனோபிளாஸ்ட் என்று பெயரிட்டார். எலுமிச்சையின் புளிப்பும் கரும்பின் இனிப்பும் பீட்ரூட்டின் சிவப்பும் நெல்லிக்காயின் துவர்ப்பும் இந்தச் சேமிப்பறைகளில்தான் வைக்கப்பட்டுள்ளன. செல்லுக்கே கேடு செய்யக்கூடிய பொருள்களையும் தாவரம் இவற்றுள் பூட்டி வைக்கிறது.

நுண்குமிழ்ப்பையில் நீர் நிறைந்திருக்கும்போது அது செல்லின் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. இவ்விறைப்பழுத்தம் மகிழுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றின் அழுத்தத்தைவிடச் சில மடங்கு மிகுதியாகவும் இருக்கக்கூடும். வெள்ளரிப்பிஞ்சைக் கடிக்கும்போது எழும் 'நறுக்' என்னும் ஒலி, அவ்வழுத்தத்தோடு நின்ற செல்கள் வரிசையாக உடையும் ஒலியே. வாடிய கீரைக்கட்டின் மேல் கடைக்காரர் நீர் தெளிப்பதும் செல்கள் நீரை ஏற்று மீண்டும் நிமிர வேண்டும் என்பதற்காகவே.

இதற்கு எதிரான செயலை மாவடுச் சாடியில் காணலாம். மாம்பிஞ்சுகளில் உப்பைத் தூவிக் குலுக்கி வைத்தால், ஒரு துளி நீரும் சேர்க்காமலேயே சில நாள்களில் சாடியில் நீர் ஊறுகிறது, பிஞ்சுகள் சுருங்குகின்றன. சவ்வின் வெளிப்புறம் உப்பின் செறிவு கூடியதால், உள்ளிருந்த நீர் சவ்வைக் கடந்து வெளியேறியதன் விளைவு இது. இதனைச் சவ்வூடு பரவல் என்பர்.

உடையும்போது பிறப்பவை

வெங்காயச் செல்லின் சைட்டோபிளாசத்தில் கந்தகம் கலந்த, மணமற்ற வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றைச் சிதைக்க வல்ல அல்லினேஸ் என்னும் நொதி நுண்குமிழ்ப்பைக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே டோனோபிளாஸ்ட் மட்டுமே தடை. கத்தி பட்டதும் அத்தடை நீங்குகிறது. நொதி செயல்பட்டு உண்டாகும் பொருளை மற்றொரு நொதி, கண்ணைக் கரிக்கச் செய்யும் ஆவியாக மாற்றுகிறது. அந்த இரண்டாம் நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்து அறிவித்தனர்.

பூண்டிலும் இத்தகைய நொதி உண்டு. அது அல்லீன் என்னும் மணமற்ற பொருளோடு சேர்ந்து அல்லிசினை உண்டாக்குகிறது. 1944-இல் அமெரிக்காவில் அல்லிசினைப் பிரித்தெடுத்த காவலிட்டோ, பெய்லி ஆகியோர் அது நுண்ணுயிரிகளைத் தடுக்க வல்லது என்பதையும் காட்டினர். பூண்டு இதனை உண்டாக்குவது மனிதருக்காக அன்று. தன்னைக் கடிக்கும் பூச்சிக்கும் தாக்கும் பூஞ்சைக்கும் எதிரான படைக்கலம் இது. எப்போதும் ஏந்தி நின்றால் தன்னையே காயப்படுத்தும் என்பதால், கடிபடும் கணம்வரை தாவரம் அதனைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறது.

தமிழர் சமையலறையில் இவ்வறிவியல் பெயரின்றிப் பயின்று வருகிறது. இரசத்திற்குப் பூண்டைத் தட்டிப் போடுகின்றனர். பூண்டுக்குழம்பிற்கு முழுப்பல்லாக வதக்குகின்றனர். தட்டியதில் சவ்வுகள் உடைந்து, நொதி வேலை செய்து, காரமணம் எழுகிறது. முழுதாக வெந்ததில், சவ்வுகள் சிதையும் முன்னரோ சிதையும்போதோ வெப்பத்தால் நொதி செயலிழக்கிறது. எனவே பூண்டு இனிய மென்சுவை பெறுகிறது. கடுகிலும் இவ்வேறுபாடு உண்டு. அதன் காரத்திற்கு மூலமான பொருளும் அதனைச் சிதைக்கும் மைரோசினேஸ் நொதியும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. அரைத்து ஊறுகாயில் சேர்த்தால் மூக்கில் ஏறும் காரம் உண்டாகிறது. கொதிக்கும் எண்ணெயில் வெடிக்கவிட்டால் நொதி அழிந்து, காரமற்ற நறுமணமே மிஞ்சுகிறது.

நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதற்கும் காரணம் இதுவே. நுண்குமிழ்ப்பையின் ஃபீனால் பொருள்களும் கணிகங்களில் உள்ள நொதியும் கலந்து, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கருநிறத்தைத் தருகின்றன. நறுக்கிய துண்டுகளை உடனே நீரில் இடுவது காற்றின் தொடர்பைக் குறைப்பதற்காகும்.

தெரிந்து தெளிவோம்

பீட்ரூட்டின் ஒரே அளவான இரு துண்டுகளை நன்கு கழுவி, ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றைக் கொதிநீரிலும் இட்டால், குளிர்ந்த நீர் பெரிதும் நிறம் மாறாமல் இருக்கும், கொதிநீர் சிவக்கும். குளிர்நீரில் சவ்வு தன் காவலை விடுவதில்லை. வெப்பம் கொழுப்படுக்கைக் குலைத்துப் புரதங்களைச் சிதைப்பதால் கொதிநீரில் நிறமி வெளியேறுகிறது.

வாய் என்னும் ஆய்வுக்கூடம்

அடுப்பு உடைக்காமல் விட்டதைப் பல் உடைக்கிறது. செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. ஆதலால் செல்சுவருக்குள் இருக்கும் மாவுப்பொருளும் நிறமிகளும் உடலுக்குக் கிடைக்க வேண்டுமாயின் அச்சுவர் வேகவோ மெல்லப்படவோ வேண்டும். நன்றாக மென்று உண்ணுக என்னும் அறிவுரையின் பொருள் இதுவே. உடைந்த செல்லிலிருந்து வெளிவரும் மாவுப்பொருளை உமிழ்நீரின் அமைலேஸ் நொதி சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதும் அதனால்தான்.

வெளிப்பட்ட பொருள்களை அறிவன நாவின் சுவையரும்புகள். ஓர் அரும்பில் 50 முதல் 100 செல்கள்வரை உள்ளன. அவை ஏறத்தாழப் பத்து நாள்களில் மடிந்து, புதிய செல்களுக்கு இடம் தருகின்றன. அவற்றின் சவ்வுகளே சுவையை முதலில் உணர்கின்றன. உவர்ப்பைத் தரும் சோடியம் அயனியும் புளிப்பைத் தரும் ஹைட்ரஜன் அயனியும் சவ்வின் வாயில்கள் வழியாக உள்ளே புகுகின்றன. இனிப்பும் கசப்பும் தரும் பொருள்கள் உள்ளே செல்வதில்லை. சவ்வின் வெளிப்புறம் நிற்கும் புரதங்களில் பொருந்தி, செய்தியை மட்டும் உள்ளே அனுப்புகின்றன. கசப்பை உணர்வதற்கு மட்டும் ஏறத்தாழ 25 வகைப் புரதங்கள் மனிதரிடம் உண்டு. தாவர நஞ்சுகள் பலவும் கசப்பானவை என்பதால், இப்பன்மை உயிர்காக்கும் எச்சரிக்கையாக அமைகிறது.

தமிழ் மரபு சுவையை ஆறாக வகுத்தது. இன்றைய உடலியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றோடு, 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கண்டறிந்த உமாமியையும் சேர்த்து ஐந்தை அடிப்படைச் சுவைகள் என்கிறது. கார்ப்பும் துவர்ப்பும் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் அவை வாயில் உணரப்படுபவையே. உணரும் வழிதான் வேறு. நெல்லிக்காயையோ வாழைப்பூவையோ மெல்லும்போது வெளிவரும் டானின்கள், உமிழ்நீரின் வழுவழுப்பான புரதங்களைப் பற்றித் திரளச் செய்கின்றன. வழுவழுப்பு நீங்கிய வாய் உலர்ந்து இழுப்பதுபோல் உணர்வதே துவர்ப்பு. நறுக்கிய வாழைப்பூவை மோரில் இட்டால், டானின்களுக்கு மோரின் புரதங்கள் முதலில் இரையாகின்றன. நாவுக்குத் துவர்ப்பு குறைகிறது.

கார்ப்பு என்பது சூட்டையும் வலியையும் அறியும் நரம்பின் உணர்வு. மிளகாயின் உள்ளே விதைகளைத் தாங்கும் வெண்தசையில் கேப்சைசின் மிகுந்துள்ளது. கொழுப்பில் கரையும் இப்பொருள், ஓவர்டன் கண்ட விதிப்படியே, நரம்புசெல்லின் சவ்வுக்குள் எளிதில் புகுகிறது. அங்குள்ள ஒரு புரதவாயிலைத் திறந்துவிடுகிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் வெப்பத்தில் திறக்க வேண்டிய வாயில் அது. ஆகவே மூளை, வாய் சுடுவதாகவே உணர்கிறது. இவ்வாயிலை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், அழுத்த உணர்வின் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபௌட்டியனுடன் 2021-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் நீரில் கரையாததால் காரத்திற்கு நீர் பருகிப் பயனில்லை. பாலும் தயிரும் தணிக்கின்றன.

காறலும் நஞ்சும்

எல்லாத் தாவரங்களும் சுவையால் மட்டும் எதிர்கொள்வதில்லை. கருணைக்கிழங்கிலும் சேம்பிலும் சில செல்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆன ஊசிப்படிகங்களைக் கட்டுக்கட்டாக வைத்துள்ளன. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் அவ்வூசிகள் வாயின் மென்படலத்தைத் துளைக்கின்றன. நாக்கு அரிக்கிறது, தொண்டை காறுகிறது. புளி சேர்த்து நன்றாக வேகவைக்கும் வழக்கம் இக்காறலைக் குறைக்கக் கண்ட வழியாகும்.

மரவள்ளிக்கிழங்கு இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. தென்னமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கின் நுண்குமிழ்ப்பையில் லினமாரின் என்னும் பொருள் உள்ளது; அதனைச் சிதைக்கும் நொதி செல்சுவரில் உள்ளது. சவ்வு உடைந்து இரண்டும் கலந்தால், முடிவில் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. கசப்பு வகைக் கிழங்குகளில் லினமாரின் மிகுதி. அவற்றை உணவாகக் கொண்ட அமேசான் பகுதிப் பழங்குடி மக்கள், கிழங்கைத் துருவி, பிழிந்து, வாட்டி உண்டனர். துருவும்போது சவ்வுகள் முற்றும் உடைகின்றன. நஞ்சு அனைத்தும் வாய்க்கு வருமுன்னரே வெளிப்பட்டு, சாற்றோடு வடிந்தும் ஆவியாகியும் நீங்குகிறது. நஞ்சைப் பிறப்பிக்கும் செயலே நஞ்சை நீக்கும் செயலாகவும் ஆகிறது. எங்கே, எப்போது உடைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இவ்வறிவு கைநழுவினால் நேரும் கேடு பெரிது. ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் மக்களின் கால்கள் திடீரெனச் செயலிழக்கும் நோய் ஒன்றை 1938-இல் திரோலி என்னும் இத்தாலிய மருத்துவர் விவரித்தார். அந்நோய்க்கு வழங்கிய 'கோன்சோ' என்னும் பெயருக்கு அவ்வட்டார மொழியில் 'கட்டுண்ட கால்கள்' என்பது பொருள். வறட்சியிலும் போரிலும் பசி முந்தும்போது, நாள்கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்த மக்களுக்குப் பொழுதிருப்பதில்லை. நஞ்சைச் செயலிழக்கச் செய்ய உதவும் புரத உணவும் கிடைப்பதில்லை. அந்நிலையில் கசப்புக் கிழங்கையே நம்பி வாழ்ந்தோரை, அவர்களுள்ளும் குறிப்பாகச் சிறாரையும் பெண்களையும், இந்நோய் தாக்கியது. இழந்த நடை மீளவில்லை. சமையல்முறை என்பது சுவைக்காக மட்டும் அமைந்ததன்று என்பதற்கு இது சான்றாகும்.

காக்கும் படலத்தைக் காத்தல்

தாவரத்தின் சவ்வை உடைக்கும் வாய், தன் சவ்வுகளைக் காத்துக்கொள்ள வேண்டும். வாயின் உட்புறம் தோலைப்போல் தடித்ததன்று. ஈரமும் மென்மையும் உடைய சளிப்படலம் அது. நாவின் அடியில் அது மிக மெல்லியது. அதன் கீழ் இரத்தக்குழாய்கள் நெருங்கி ஓடுகின்றன. நெஞ்சுவலியின்போது நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாவின் அடியில் வைக்குமாறு மருத்துவர் கூறுவது இதனாலேயே. மருந்து படலத்தைக் கடந்து சில நிமிடங்களுக்குள் இரத்தத்தில் சேர்கிறது.

மருந்துக்குத் திறக்கும் இவ்வழி தீமைக்கும் திறக்கும். பாக்கில் அரிகோலின் என்னும் பொருள் உள்ளது. சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை உயர்கிறது; அரிகோலின் மின்னூட்டம் இழந்து, கொழுப்படுக்கை எளிதில் கடக்கும் வடிவம் பெறுகிறது. புகையிலையின் நிக்கோட்டினும் இவ்வாறே புகுகிறது. சுண்ணாம்பின் எரிச்சலும் பாக்குத் துகள்களின் உராய்வும் படலத்தை நாள்தோறும் புண்படுத்துகின்றன. பழக்கம் தொடரும்போது பலருக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாயை அகலத் திறக்க இயலாத நிலை ஏற்படுகிறது. அது புற்றுநோய்க்கு முன்னோடி. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைப்பாக்கை 1985-இலேயே புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்தது. இந்திய ஆண்களிடையே மிகுந்து காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னிலையில் நிற்கிறது. வண்ணப் பொட்டலங்களில் வரும் பாக்குத்தூளைப் பள்ளிப்பருவத்தில் விளையாட்டாகச் சுவைக்கத் தொடங்குவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

வாயின் படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள வல்லது. சூடான பானத்தால் வெந்த நாக்கு சில நாள்களில் தேறிவிடுகிறது. ஆனால் அந்த ஆற்றலுக்கும் எல்லை உண்டு. இரு வாரங்களுக்கு மேலாக ஆறாத புண்ணோ, நீங்காத வெண்திட்டோ செந்திட்டோ காணப்பட்டால், வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடாது. மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தொடக்கத்தில் கண்டறிந்தால் நோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

பூண்டும் கடுகும் மரவள்ளியும் கற்பிப்பது ஒன்றே. கலக்கக் கூடாதவற்றைக் கலக்காமல் பிரித்து வைப்பதனால்தான் செல் உயிர்வாழ்கிறது. எதனைத் தட்டுவது, எதனை முழுதாக வேகவிடுவது, எதனைத் துருவிப் பிழிவது, எதனை வாயில் இடாமலே விடுவது என்று தெரிந்து கொள்வதே மாந்தர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த உணவறிவு. அவ்வறிவுக்குரிய காரணங்களையும் அறிந்துகொண்டால் நாவின் சுவையோடு உடலின் நலமும் நிலைபெறும்.

கற்பவை கற்றபின்...

1. ஒரு பல் பூண்டைத் தட்டியும், மற்றொரு பல்லை முழுதாக வேகவைத்தும் மணத்தை ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பறையில் விளக்குக.

2. உங்கள் வீட்டுச் சமையலில் காறல், துவர்ப்பு, கசப்பு ஆகியவற்றைக் குறைக்கப் பின்பற்றும் முறைகளைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் சவ்வுக்கு என்ன நேர்கிறது என்று எழுதுக.

3. 'பாக்கும் புகையிலையும் வாயின் பகை' என்னும் தலைப்பில், உங்கள் ஊர் மக்களுக்கு விளங்கும் எளிய நடையில் துண்டறிக்கை ஒன்று உருவாக்குக.